சதுர அடி ரேட்டை நம்பாமல் பில்டரைத் தேர்ந்தெடுத்தது: என் அனுபவம்

மதுரையில் வீடு கட்ட பில்டர் தேடியபோது ஆளுக்கொரு சதுர அடி ரேட் சொன்னார்கள். ஒருவர் ரேட்டில் சம்ப், செப்டிக் டேங்க் எல்லாம் சேர்த்தி, இன்னொருவருக்கு அதெல்லாம் தனி, எப்படி ஒப்பிடுவது? தனியாக ஒரு இன்ஜினியருக்குப் பணம் கொடுத்து கான்கிரீட் எம்20, கம்பி எஃப்இ 500டி (இரண்டும் தரத்தைக் குறிக்கும் பெயர்கள்), டைல்ஸ் இந்த விலை வரை என்று ஒரே பட்டியலாக எழுதி வாங்கி, எல்லா பில்டர்களிடமும் அதற்கு மட்டும் ரேட் கேட்டேன். முதலில் குறைவாகச் சொன்னவரின் ரேட் சட்டென்று ஏறிவிட்டது.

அப்புறம் அவர்கள் கட்டி மழைக்காலம் பார்த்த வீடுகளுக்குப் போய் பாத்ரூமின் பின்பக்கச் சுவர், சன்ஷேடு ஓரம் எல்லாம் பார்த்தேன், ஓதம் இருந்தால் அங்கேதான் தெரியும். புது கான்கிரீட் உறுதியாக இறுக ஈரம் வேண்டும்; நடக்கிற சைட்டில் தூண்களுக்குச் சாக்கு சுற்றி ஈரமாக வைத்திருந்தவர் ஒருவர்தான். அவரிடமே கொடுத்தேன். பணம் பேஸ்மென்ட் (வீட்டுத் தரை மட்டம் வரை), லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட்), ரூஃப் என்று வேலை முடிய முடியத்தான். கடைசித் தவணை ஒரு மழை பார்த்த பிறகு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டோம்.