ஆவிலா மதில்: நண்பர்களோடு ஒரு நாள்

மாட்ரிட்டிலிருந்து நண்பர்களோடு ஒரே நாளில் போய்த் திரும்ப நல்ல ஊர் ஆவிலா. சாமார்த்தின் நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். இறங்கியதும் டாக்சி தேட வேண்டாம், பேசிக்கொண்டே நடந்தால் பழைய ஊரைச் சுற்றி நிற்கும் கோட்டை மதில் வந்துவிடும்.

மதிலின் சுற்றளவு ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர், வாசல்கள் 9. மேலே ஏறி நடக்கக் கட்டணம் உண்டு. முழுச் சுற்றும் நடக்க முடியாது, சில பகுதிகள் மட்டுமே திறந்திருக்கும். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கி அடுத்த பகுதியில் ஏறும்போது மறுபடி கேட்பார்கள். படிகள் உயரம் உயரமாக இருக்கும், செருப்பைவிட ஷூ நல்லது. பேராலயத்தின் பின்புறச் சுவரே மதிலின் ஒரு கொத்தளமாக நிற்பதை வெளியே வந்து பாருங்கள். எனக்கு ஊரிலேயே பிடித்த இடம் அதுதான்.

ஊர் 1,100 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. மாட்ரிட்டில் வெயில் அடித்தாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

சாப்பாட்டுக்கு இரண்டு மணிவாக்கில் உட்காருங்கள். இங்கே பேர்போன சுலெத்தோன் மாட்டிறைச்சித் துண்டு மிகப் பெரியது, இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம். மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்கள் பீன்ஸ் கேட்கலாம், ஆனால் அதிலும் பன்றி இறைச்சி சேர்ப்பதுண்டு, முதலிலேயே விசாரித்துவிடுங்கள். முட்டை மஞ்சள்கருவும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் 'யேமாஸ்' குட்டி லட்டு மாதிரி இருக்கும். திகட்டும், சின்னப் பெட்டி போதும்.

மதில் முழுவதும் ஒரே படத்தில் விழ வேண்டுமா? அதாகா ஆற்றைக் கடந்து 'குவாத்ரோ போஸ்தெஸ்' மேட்டுக்குப் போங்கள். அங்கிருந்து நிலையம் ஊரின் மறுகோடி, கடைசி ரயில் நேரத்தைக் காலையிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.