டிராஃப்டில் பெயர் வராத தடுப்பாட்டக்காரர் செய்யக் கூடாதவை

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல், கல்லூரி வீரர்களை எடுக்கும் டிராஃப்ட் முதலில் கொஞ்சம் குழப்பும். ஏலத்தில் பணம் பேசும், இங்கே வரிசை பேசும். 32 அணிகள், 7 சுற்றுகள், மூன்று நாட்கள். போன பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. எந்த அணி பெயரைச் சொல்கிறதோ அங்கேதான் போயாக வேண்டும், வீரருக்கு அதில் வாய் கிடையாது. மூன்றாம் நாள் மாலை எல்லாம் முடியும்போது 250க்குச் சற்று அதிகமான பெயர்களைத்தான் வாசித்திருப்பார்கள். கல்லூரிக் காலம் முடிந்து நிற்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அன்று ஃபோன் வராது.

அப்படி விடுபட்ட சிலர் பிறகு எப்படியோ உள்ளே நுழைந்து பெரிய ஆளாகிவிடுவார்கள். அவர்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ‘விடாமுயற்சி’ என்ற ஒரே சொல்லில் கதையை முடித்துவிடுகிறார்கள். விடாமுயற்சி விடுபட்ட எல்லாரிடமும்தான் இருக்கிறது. யார் எங்கே சறுக்கினார், எதை மாற்றிக்கொண்டபின் எழுந்தார் என்று பார்த்தால்தான் ஏதாவது பிடிபடும்.

முதல் சறுக்கல் டிராஃப்ட் முடிந்த அடுத்த நிமிடமே காத்திருக்கிறது. விடுபட்டவர்களை ஒப்பந்தம் செய்ய அணிகள் ஏஜென்டுகளை அழைக்கத் தொடங்கும். எல்லாம் ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். யார் அதிக போனஸ் தருகிறார்கள் என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது இங்கே நடக்கும் பெரிய பிழை. இரண்டு அணிகள் கேட்டால், பெயர் வராதவருக்கு ஏழாம் சுற்றுக்காரருக்கும் இல்லாத ஓர் உரிமை கிடைக்கிறது: எங்கே போவது என்று அவரே முடிவு செய்யலாம். பார்க்க வேண்டியது அணியின் ஆள் பட்டியலை. நம் இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர், அவர்களுக்கு என்ன வயது, யாருடைய ஒப்பந்தம் முடியப்போகிறது, இந்த ஆண்டு டிராஃப்டில் அதே இடத்துக்கு ஆள் எடுத்தார்களா? கான்சஸ் பல்கலைக்கழகத்தின் கார்னர்பேக் (பந்து பிடிக்க ஓடும் எதிராளியைத் தடுப்பவர்) கிறிஸ் ஹாரிஸ் 2011இல் டென்வர் பிராங்கோஸில் சேர்ந்தபோது வாங்கிய போனஸ் வெறும் 2,000 டாலர். 2014 டிசம்பரில் அதே அணி அவருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 4.25 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. கையெழுத்திடும் மாலையில் வரும் தொகை எதையும் தீர்மானிப்பதில்லை.

அடுத்தது உடம்பு. குள்ளம், எடை போதாது, கை நீளம் போதாது என்று அணிகளுக்காக ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் எழுதிவைப்பார்கள். அந்தக் குறையை மறைக்கவே பலர் முழு நேரத்தையும் செலவழிக்கிறார்கள். ஜான் ராண்டலே ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தார். டெக்ஸஸின் சிறிய கல்லூரி ஒன்றிலிருந்து வந்தவர், 1990 டிராஃப்டில் பெயர் வரவில்லை. தற்காப்பு வரிசையின் நடுவில் நிற்பவருக்கு எடை போதாது என்றார்கள். எடை பார்க்கும்போது உடைக்குள் இரும்புச் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு போனாராம். ரசிக்கத்தக்க கதைதான், ஆனால் மின்னசோட்டா வைக்கிங்ஸில் அவரை நிறுத்தியது சங்கிலி அல்ல. எதிரே பந்து வீசுபவரைக் காத்து நிற்கும் கனத்த ‘கார்டு’ வீரர் கையை எடுப்பதற்குள் அவரைக் கடந்துபோகும் முதல் அடி. ஓய்வு பெறும்போது 137.5 சாக் (எதிரணியில் பந்து வீசுபவரை வீசுமுன்பே வீழ்த்துவது), 2010இல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். எடை குறைவாக இருந்ததால்தான் அந்த வேகம்.

லண்டன் ஃப்ளெச்சரும் அதே ரகம். உயரம் 5 அடி 10 அங்குலம், ஆடியது விளையாட்டு உதவித்தொகையே தராத மூன்றாம் பிரிவுக் கல்லூரியான ஜான் கேரலில். 1998இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் சும்மா ஓர் இடம் கொடுத்தது. 16 பருவங்கள் ஆடினார், 256 ஆட்டங்கள், ஒன்றையும் தவறவிடவில்லை.

இடத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதும் தவறுதான். 1952இல் ராணுவத்திலிருந்து வந்த டிக் லேன், பத்திரிகைத் துணுக்குகள் ஒட்டிய நோட்டோடு லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அலுவலகத்துக்குள் நேராக நடந்துபோய் வாய்ப்பு கேட்டார். பந்து பிடிக்கும் ரிசீவராகத்தான் சேர்ந்தார். அந்த இடத்திலோ டாம் ஃபியர்ஸும் எல்ராய் ஹிர்ஷும் இருந்தார்கள், யாரும் அசைக்க முடியாது. பயிற்சியாளர்கள் அவரைத் தற்காப்புக்கு மாற்றினார்கள், அவரும் போனார். அந்த முதல் பருவத்திலேயே 12 ஆட்டங்களில் 14 இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி வீசிய பந்தைப் பறிப்பது. இப்போது ஒரு பருவத்துக்கு 17 ஆட்டங்கள், ஆனாலும் அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. ரிசீவராகத்தான் ஆடுவேன் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் ஆகஸ்டில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

இப்போது ஜேம்ஸ் ஹாரிசனுக்கு வருவோம். மேலே சொன்னவர்களில் யாரும் இவர் அளவுக்குத் தவறு செய்யவில்லை. ஒஹாயோ மாநிலம் ஆக்ரன்காரர். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை இல்லாமலே அணியில் சேர்ந்தவர். 2002 டிராஃப்டில் பெயர் வரவில்லை, தற்காப்பு முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கருக்கு உயரம் குறைவு என்றார்கள். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் எடுத்தது, நீக்கியது, திரும்ப எடுத்தது, மறுபடி நீக்கியது. பால்டிமோர் ரேவன்ஸ் எடுத்து, ஐரோப்பிய லீகில் ஜெர்மனியின் ரைன் ஃபயர் அணிக்கு அனுப்பிவைத்தது. அதுவும் கடைசியில் கைவிட்டது.

வலு குறைவு என்று யாரும் அவரை நீக்கவில்லை. ஆட்டத் திட்டம் அவருக்குத் தெரியவில்லை. உடன் ஆடிய ஜேம்ஸ் ஃபாரியர் பின்னாளில் சொன்னபடி, பயிற்சியில் என்ன செய்வதென்று புரியாவிட்டால் ஹாரிசன் கையைத் தூக்கிவிட்டு அப்படியே நின்றுவிடுவாராம், என்னை வெளியே எடுங்கள் என்பாராம். முதல் சுற்றில் வந்தவர் அப்படி நின்றால் தனியே உட்காரவைத்துச் சொல்லித்தருவார்கள், கோடிக்கணக்கில் பணம் போட்டிருக்கிறார்களே. பெயர் வராதவர் நின்றால் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள்.

கோடைப் பயிற்சிக்கு ஓர் அணி 90 பேரை அழைக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் அது 53 ஆக வேண்டும். 32 அணிகளையும் கூட்டினால் ஏறக்குறைய 1,200 பேர் ஓரிரு நாளில் வேலை இழக்கிறார்கள். அவ்வளவு பேரை மதிப்பிடும் பயிற்சியாளருக்கு ஒருவர் எவ்வளவு பலசாலி என்று தோண்டிப் பார்க்க நேரமில்லை. தவறான இடத்தில் நின்றாரா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. தடுப்பாட்டத்தில் இது இன்னும் கறாரானது. ஒரு லைன்பேக்கர் தன் இடைவெளியை விட்டு நகர்ந்தால் மற்ற பத்துப் பேர் சரியாகச் செய்ததும் வீண்.

2004 கோடையில் ஸ்டீலர்ஸின் கிளார்க் ஹேகன்ஸ் எடை தூக்கும்போது கையை முறித்துக்கொண்டார். ஹாரிசனை மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை அவர் திட்டத்தைப் படித்துவிட்டு வந்தார். அந்த நவம்பரில் கிளீவ்லாந்து ஆட்டம் தொடங்கும் முன்பே ஜோயி போர்ட்டர் எதிரணி வீரரோடு கைகலப்பில் இறங்கி வெளியேற்றப்பட்டார். அவர் இடத்தில் ஹாரிசன் இறங்கினார். இரண்டு தடவையும் கதவு திறந்தது பிறருடைய துரதிருஷ்டத்தால். விடுபட்டவருக்குப் பெரும்பாலும் இப்படித்தான் திறக்கும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் திட்டம் எப்போதுமே தலைக்குள் இருந்தாக வேண்டும்.

போர்ட்டரை 2007இல் அணி விடுவித்ததும் இடம் நிரந்தரமானது. 2008இல் 16 சாக், ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. டிராஃப்டில் பெயர் வராத ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் 2009 பிப்ரவரி 1 அன்று நடந்தது. முதல் பாதியின் கடைசி நொடிகளில் எதிரணி அரிசோனா ஸ்டீலர்ஸின் கோல் கோட்டருகே நின்றது. ஹாரிசனுக்குச் சொல்லப்பட்ட வேலை, பந்து வீசும் குவாட்டர்பேக் கர்ட் வார்னரை நோக்கிப் பாய்வது. பாய்வதுபோல் காட்டிவிட்டுப் பின்வாங்கினார், பந்து நேராக அவர் கைக்கு வந்தது, 100 யார்டு ஓடி எதிர்முனைக் கோட்டைத் தாண்டி டச்டவுன். திட்டம் தெரியாமல் கை தூக்கி நின்றவர் திட்டத்தை மீறினார், அதுவும் சரியான நொடியில். முழுசாகத் தெரிந்தவர்தான் அப்படி மீற முடியும். ஸ்டீலர்ஸ் 27-23 என வென்றது.

இது போன்ற தருணங்களை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடுவது நாம் ரசிகர்கள் செய்யும் பிழை. மால்கம் பட்லர் இன்னொரு உதாரணம். ஹைண்ட்ஸ் சமுதாயக் கல்லூரி அணியிலிருந்து நீக்கப்பட்டு, மிசிசிப்பியின் விக்ஸ்பர்க்கில் பொப்பைஸ் கோழிக்கடையில் வேலை பார்த்து, பிறகு இரண்டாம் பிரிவு வெஸ்ட் அலபாமாவில் ஆடியவர். 2014இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸில் வெறும் சோதனை ஆட்டத்துக்கு வந்து இடம் பிடித்தார். 2015 பிப்ரவரி சூப்பர் பவுலில், ஒரு யார்டு தூரத்திலிருந்து சியாட்டில் வீசிய பந்தைப் பறித்து ஆட்டத்தையே முடித்தார். அதே ஆட்டமுறையைப் பயிற்சியில் அவருக்கு எதிராக ஓட்டிப் பார்த்தபோது கோட்டைவிட்டிருந்தார். அன்று எங்கே தாமதித்தார் என்பதை நினைவில் வைத்திருந்ததால், ரிசீவர்கள் நின்ற நிலையைப் பார்த்ததுமே ஓடத் தொடங்கினார்.

பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கு மட்டும் இறங்கும் ஸ்பெஷல் டீம்ஸை இளக்காரமாக நினைப்பதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 53 பேரில் ஆட்ட நாளன்று இறங்குபவர் 48 பேர் வரைதான். மாற்று லைன்பேக்கரும் மாற்று கார்னர்பேக்கும் உதை ஆட்டங்களில் ஓடாவிட்டால் அந்த 48இல் அவர்களுக்கு இடமில்லை. ஹாரிசனும் முதல் சில ஆண்டுகள் அதைச் செய்துதான் சோறு தின்றார்.

நீக்கப்பட்டதும் வேறு லீகுக்குப் போவது கௌரவக் குறைச்சல் என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு. பென் ஸ்டேட்டின் கேமரன் வேக் 2005இல் பெயர் வராமல், நியூயார்க் ஜயன்ட்ஸிலும் நிலைக்காமல், இரண்டு பருவங்கள் ஆட்டமே இல்லாமல் இருந்தார். பிறகு கனடாவுக்குப் போனார். பிரிட்டிஷ் கொலம்பியா லயன்ஸில் 2007, 2008 இரண்டு ஆண்டும் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் அவர்தான். 2009இல் மயாமி டால்ஃபின்ஸ் ஒப்பந்தம் செய்தது, அந்த ஆண்டு அவருக்கு வயது 27. அதற்குப் பிறகு 100.5 சாக்.

இன்றைக்கு வழிகள் இன்னும் அதிகம். ஒவ்வோர் அணியும் அந்த 53க்கு வெளியே, கூடவே பயிற்சி செய்யும் 16 பேர் கொண்ட பிராக்டிஸ் ஸ்குவாட் வைத்திருக்கிறது, 2024 முதல் வசந்த காலத்தில் யுஎஃப்எல் என்ற இன்னொரு லீக் நடக்கிறது. பருவம் நடக்கும்போது, பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில், காயம்பட்டவர்களின் இடத்துக்கு அணிகள் வெளியாட்களை வரவழைத்துச் சோதிக்கும். திங்கள் இரவு ஏஜென்டின் அழைப்பு வந்தால் மறுநாள் காலை வேறொரு நகரத்தில் ஓடிக் காட்ட வேண்டியிருக்கும். அக்டோபரில் உடம்பை விட்டுவிட்டவருக்கு அந்தச் சோதனை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.