உங்கள் தெருவின் தேவையை ஊராட்சித் திட்டத்தில் ஏற்றுவது எப்படி?

கிராம சபையில் எழுந்து "எங்க தெருவுக்கு ஒண்ணுமே செய்யலை" என்று சத்தம் போட்டால் வேலை நடந்துவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நடக்காது. எந்த வேலை முதலில், எந்த நிதியில், எந்த ஆண்டில் என்று முடிவாகித் திட்டத்தில் ஏறினால்தான் நடக்கும். எங்கள் மகளிர் குழு இதைப் பல வருடமாகச் செய்துவருகிறது. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. பட்ஜெட்டைப் பொறுத்தவரை அக்டோபர் 2தான் பெரிய நாள். அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தின் பேச்சு அப்போதுதான் தொடங்கும். ஆகவே செப்டம்பரிலேயே தெருவில் கூட்டம் போட்டுப் பேசிவிடுங்கள். தலைவர் பதவி காலியாகி, அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் சபை கூடும், சும்மா இருந்துவிடாதீர்கள்.

தெருக்கூட்டத்துக்கு நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். கோலமாவில் தரையில் வட்டங்கள் போடுவோம். ஒன்றில் குழாய், ஒன்றில் தெருவிளக்கு, ஒன்றில் சாக்கடை, ஒன்றில் ரோடு, ஒன்றில் சுடுகாட்டுப் பாதை என்று படம் வரைவோம். ஒவ்வொருவர் கையிலும் மூன்று புளியங்கொட்டை. எதற்கு வேண்டுமோ அதில் போடலாம், மூன்றையும் ஒன்றிலேயே கொட்டினாலும் சரி. வீட்டுக்கு ஒரு ஆள் என்று வைத்தால் ஆண்கள்தான் வருவார்கள், அதனால் ஆளுக்கு ஆள் கொடுத்துவிடுங்கள். எங்கள் தெற்குத் தெருவில் ஆண்கள் போட்ட புளியங்கொட்டை ரோடு வட்டத்தில் விழுந்தது, பெண்களுடையது மொத்தமும் சாக்கடை வட்டத்தில். அடுப்படிக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரோடும் கொசுவோடும் பகல் முழுக்க இருப்பவர்கள் அவர்கள்தானே. எண்ணி முடித்ததும் ஆண்களும் ஒத்துக்கொண்டார்கள்.

இதில் ஒன்றைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். எல்லாத் தெருவின் புளியங்கொட்டையையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். கூட்டினால் எப்போதும் பெரிய தெருதான் ஜெயிக்கும். ஊருக்குத் தள்ளி இருபது முப்பது வீடுகளோடு இருக்கும் அருந்ததியர் தெரு, எத்தனை வருடம் ஆனாலும் பட்டியலின் அடியில்தான் கிடக்கும். தெருவுக்குத் தெரு தனியாக எண்ணி, ஒவ்வொரு தெருவின் முதல் தேவையையும் பட்டியலின் மேல்பகுதியில் வையுங்கள். இதற்குச் சண்டை வரும். வந்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது பணம். ஊராட்சிச் செயலரிடம் எந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். சபையில் படிவம் 30-இன் வரவு செலவைப் பார்வைக்கு வைக்க வேண்டும். அதைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாம் ஊராட்சியின் சொந்த வருமானம். மாநில நிதி ஆணைய மானியத்தில் எங்கள் ஊரில் பெரும்பகுதி மோட்டார், தெருவிளக்குக் கரண்ட் பில்லுக்கும் சம்பளத்துக்குமே போய்விடும். நிதிக்குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு தரும் மானியத்தில்தான் புது வேலைக்கு இடம் இருக்கிறது. அதிலும் 2021–26 காலத்துக்கான 15வது நிதிக்குழு, 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் பாதிப் பாதியாக ஒதுக்கிக் கட்டிவைத்தது. மீதி 40 சதவீதத்தில் ஊர்த் தேவைக்கு எதையும் செய்ய முடிந்தது, ஆனால் சம்பளம் கொடுக்கக் கூடாது என்றிருந்தது. 2026 ஏப்ரலிலிருந்து 16வது குழுவின் காலம் என்பதால், இப்போதைய பங்கீட்டைச் செயலரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தெற்குத் தெருவின் தேவை கழிவுநீர் என்பதால் சுகாதாரப் பங்கில் நுழைந்தது. ரோடு என்று கேட்டிருந்தால் அந்த 40 சதவீதத்துக்காக மற்ற எல்லா வேலையோடும் போட்டி போட்டிருக்க வேண்டும்.

பிறகு சபை. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கோரம், அதாவது சபை செல்லக் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய ஆள் கணக்கு, சரியாகும். ஆள் குறைந்தால் தீர்மானம் நிற்காது, அதனால் தெருவையே திரட்டிக்கொண்டு போங்கள்.

தீர்மானப் புத்தகத்தில் எழுதும்போது செயலர் பக்கத்திலேயே நில்லுங்கள். "தெற்குத் தெருவில் கழிவுநீர் வசதி குறித்து விவாதிக்கப்பட்டது" என்று எழுதினால் அது செத்த தீர்மானம். "தெற்குத் தெருவில் மாரியம்மன் கோயில் முதல் ஓடைப் பாலம் வரை கழிவுநீர் வாய்க்காலும் முடிவில் உறிஞ்சுகுழியும் அமைக்க, நிதிக்குழு மானியச் சுகாதாரப் பங்கிலிருந்து, முதல் முன்னுரிமையாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று இருக்க வேண்டும். எங்கிருந்து எதுவரை என்று இருந்தால்தான் ஓவர்சியர் வந்து அளந்து மதிப்பீடு போட முடியும். எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

அதோடு முடியவில்லை. ஒப்புதலான திட்டம் இ-கிராம ஸ்வராஜ் இணையதளத்தில் ஏறும். மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் யாரும் போனிலேயே பார்க்கலாம், பாஸ்வேர்டு வேண்டாம். உங்கள் வேலை அதில் இல்லையென்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சிகள்) எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தீர்மான நகலைத் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், 30 நாளுக்குள் பதில் வந்தாக வேண்டும். அந்த நகலோடு அடுத்த ஜனவரி 26 சபைக்குப் போய், மதிப்பீடு எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். வரும் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.