இணைய வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் இருந்துகொண்டு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இணையத்தில் இயற்பியல் நடத்துகிறேன். தொடக்கத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். சாட்டில் "எஸ் சார்" வரிசையாக விழும். தேர்வுத்தாளைத் திருத்தும்போதுதான் குட்டு உடையும். "புரியல" என்று எல்லோர் முன்னாலும் எழுத எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்?

இப்போது கேட்பது இப்படி: மின்னோட்டம் பிரிந்து போகும் பக்க இணைப்பில் இன்னொரு மின்தடையைச் சேர்த்தால் மொத்த மின்தடை கூடுமா, குறையுமா? எல்லோரும் டைப் செய்து வையுங்கள், நான் சொன்னதும் அனுப்புங்கள். அப்புறம் அரை நிமிடம் வாயைத் திறக்கமாட்டேன். ஒரே நேரத்தில் அனுப்புவதால் அடுத்தவர் பதிலைப் பார்த்து எழுத வழியில்லை. பாதிப் பேர் "கூடும்" என்று போட்டால் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. குறையும் என்பதே சரி.

கஹூட் என்ற இணைய வினாடி வினா விளையாட்டு பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் நேரலையில் சீக்கிரம் தொட்டவருக்கே புள்ளி அதிகம். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மழையில் பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். அங்கிருந்து படிக்கும் ஒரு மாணவி எல்லா விடையும் சரியாகத் தொட்டும் பட்டியலில் கீழே கிடந்தாள். அடுத்த வாரம் அவள் விளையாட வரவே இல்லை. எனக்கு மனசே கேட்கவில்லை. அதிலிருந்து கஹூட்டை வீட்டுப்பாடமாக அனுப்பி, நேரக் கணக்கை அணைத்துவிடுகிறேன்.

கூகுள் ஃபார்ம்ஸில் வினாடி வினா வைப்பவர்கள் பலர் மதிப்பெண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். தவறான விடைக்கு விளக்கம் எழுத அதிலேயே இடம் இருக்கிறது. அந்த மின்தடைக் கேள்விக்கு "கூடும்" என்று போடுபவர்களுக்கு, "திருவிழாக் கூட்டத்துக்கு இன்னொரு வாசல் திறந்தால் நெரிசல் கூடுமா?" என்று நான் எழுதி வைத்திருக்கிறேன்.

கேமராவைக் கட்டாயமாக்க வேண்டாம். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டாவை வைத்துத்தான் பல வீடுகளில் அண்ணனும் தங்கையும் படிக்கிறார்கள். வாரம் ஒரு புதுக் கருவியும் வேண்டாம். லாகின் செய்வதிலேயே வகுப்பு போய்விடும்.

ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும். கடைசி ஐந்து நிமிடத்தில் புதுப் பாடத்தைத் திணிக்காதீர்கள். புரியாத ஒன்றை எனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன். பேச்சிப்பாறைப் பிள்ளை போன வாரம் குரல் பதிவு அனுப்பியிருந்தாள்: "சார், தொடர் இணைப்புல மட்டும் ஏன் கூடுது?" அடுத்த வகுப்பை அந்தக் கேள்வியில்தான் தொடங்கினேன்.