ஐடிலிங்கில் உதறும் டீசல் பிக்கப்: நாசிலைக் கழற்றும் முன் கவனிக்க வேண்டியவை

ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓட, சிக்னலில் நிற்கும்போது கியர் ராடும் ஸ்டீயரிங்கும் கிடுகிடுவென்று உதறினால், பல பட்டறைகளில் வரும் முதல் தீர்ப்பு ‘நாசில் போச்சு’. நாசில் என்பது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் முனை. சில நேரம் அந்தத் தீர்ப்பு சரிதான். ஆனால் நாலு இன்ஜெக்டரையும் செப்பனிட்ட பிறகும் அதே உதறலோடு திரும்பி வரும் வண்டிகள் குறைவல்ல. காமன் ரயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும்) டீசல் வண்டியில் ஸ்பானரை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எப்போது உதறுகிறது?

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஓரிரு நிமிடம் உதறி, சூடேறியதும் அடங்கினால், குளிர்ந்த இன்ஜினில் சிலிண்டரைச் சூடேற்றும் க்ளோ பிளக்கையும் அதன் ரிலேவையும் பாருங்கள். சூடான இன்ஜினில் உதறுகிற வண்டிக்கு க்ளோ பிளக் மாற்றுவது வீண் செலவு. ராத்திரி முழுக்க நின்றபின் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, பிறகு ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஏறி இறங்கினால் டீசல் லைனில் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். ஏசி போட்டால் மட்டும் என்றால் கம்ப்ரசர், பெல்ட் பக்கம் போங்கள்.

அடுத்த தவறு, உதறுவது இன்ஜினா கேபினா என்று பிரித்துப் பார்க்காதது. சைலன்சர் வாயருகே ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். சீராகப் படபடத்தால் நாலு சிலிண்டரும் வேலை செய்கின்றன. இடையிடையே தடுமாறினால் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை. ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) ஆர்பிஎம் 800-ஐ ஒட்டி அசையாமல் நிற்க, கேபின் மட்டும் ஆடுகிறதென்றால் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கலாம், ஆயிலில் ஊறி இளகியிருக்கலாம்.

உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று உண்டு. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில், ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தைக் காமன் ரயிலுக்குக் கொண்டுவரக் கூடாது. ஐடிலிங்கிலேயே ரயிலில் பல நூறு பார் அழுத்தம் இருக்கும். அதிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போல் ஒரு புள்ளிதான் தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையோ கையையோ எடுக்க நேரலாம். கசிவைக் கையால் தடவிப் பார்ப்பதும் இதே ஆபத்துதான். மிஸ் ஆகும் சிலிண்டரைக் கண்டுபிடிக்க ஸ்கேனரில் இன்ஜெக்டர் கரெக்‌ஷன் அளவு (அந்தந்த சிலிண்டருக்கு டீசலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பது) தெரியும். மற்ற மூன்றையும் விட்டு விலகி நிற்பதுதான் சந்தேக நபர்.

பெட்ரோல் வண்டியில் வேக்குவம் லீக் தேட ஸ்ப்ரே அடிப்பதைப் பார்த்துவிட்டு டீசல் இன்டேக்கிலும் அடிப்பவர்கள் உண்டு. இன்டேக்கில் (இன்ஜினுக்குள் காற்று போகும் வழி) போகும் எரியக்கூடிய எதுவும் டீசல் இன்ஜினுக்கு எரிபொருள்தான். இன்ஜின் கட்டுப்பாடின்றி ரேஸ் ஆகலாம். டர்போ ஹோஸில் லீக் பார்க்க, இன்ஜினை நிறுத்திவிட்டு, குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றி சோப்புத் தண்ணீர் தடவினால் போதும்.

டீசல் ஃபில்டரை மாற்றிவிட்டோம் என்று அந்தப் பக்கம் பார்க்காமல் விடுவதும் உண்டு. அடியிலுள்ள வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் தற்காலிகமாகப் போட்டு ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி தொடர்ந்து வந்தால் ஃபில்டர் ஓரிங், ஹோஸ் கிளாம்ப், பிரைமர் பம்ப் (டீசலைக் கையால் ஏற்றும் பம்ப்) இவற்றில் எங்கோ காற்று இழுக்கிறது. ஐம்பது ரூபாய் கிளாம்ப் சில நேரம் பெரிய பில்லையே மிச்சப்படுத்தும்.

இதையெல்லாம் தாண்டியும் இன்ஜெக்டர் மேல் சந்தேகம் என்றால் ரிட்டர்ன் சோதனை, அதாவது ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு டீசலைத் திருப்பி விடுகிறது என்று அளப்பது. நாலு ரிட்டர்ன் குழாய்களையும் கழற்றி, ஒரே அளவு நாலு பாட்டிலில் விட்டு, கழற்றியதால் வண்டிப் பக்கம் திறந்து நிற்கும் ரிட்டர்ன் குழாயின் வாயை மட்டும் அடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிடுங்கள். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைப் போல் இரண்டு மூன்று மடங்கு நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது. ஆனால் நாலும் சமமாக இருப்பதாலேயே எல்லாம் நலம் என்று முடிவு கட்டாதீர்கள். நாசில் துவாரம் அடைத்திருந்தாலோ தேய்ந்திருந்தாலோ இந்தச் சோதனையில் தெரியாது.

இன்ஜெக்டரை மாற்றும்போது செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். இன்ஜெக்டர் மேலுள்ள குறியீட்டை ஈசியுவில் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) ஏற்றாமல் விடுவதுதான் ‘புது இன்ஜெக்டர் போட்டும் உதறுது’ என்ற புகாருக்கு ஒரு முக்கியக் காரணம்.

கறும்புகையும் சேர்ந்து வந்தால், புகையில் ஒரு பங்கை இன்டேக்குக்கே திருப்பும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். சுத்தம் செய்யுங்கள், தகடு வைத்து அடைப்பது பிஎஸ்6 (புகை மாசு விதி) வண்டியில் புதுப் பிரச்சினைகளைக் கிளப்பும். எரர் கோடை முதலில் அழிப்பதும் தப்பு; கோளாறு விழுந்த நேரத்து ஆர்பிஎம், வெப்பநிலைப் பதிவும் கூடவே போய்விடும்.

கடைசியாக ஒரு சோதனை. சந்தேகப்படும் 2-ஆம் இன்ஜெக்டரை 3-ஆம் சிலிண்டருக்கு மாற்றி, குறியீடுகளையும் இடம் மாற்றிப் பதியுங்கள். கோளாறு 3-க்கு நகர்ந்தால் குற்றவாளி இன்ஜெக்டர். 2-லேயே நின்றால் முதலில் அங்கே போகும் ஒயரையும் கனெக்டரையும் பாருங்கள், பிறகு கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) டேப்பெட்டும் (வால்வு இடைவெளி).