நார்க்கழிவு கழுவிய தண்ணீரை உயிர்க்கரியால் தெளியவைப்பது எப்படி?

தென்னை நார்க்கழிவைக் கழுவினால் டிகாஷன் நிறத்தில் தண்ணீர் வரும். அதில் இருப்பது டானின் என்ற துவர்ப்புப் பொருளும் மற்ற பீனால் வகைகளும். வாய்க்காலில் விட முடியாது. நீர்நிலையில் கலக்கும் கழிவுநீருக்கு மத்திய விதிப்படி சி.ஓ.டி. (கரைந்த கரிமப் பொருளை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 250 மில்லிகிராம், பீனால் வகைகள் 1 மில்லிகிராம், இதுதான் உச்சம். இது கடலூர், பாகூர்ப் பக்கம் சின்ன அளவில் கழுவுகிறவர்களுக்கான முறை.

கரி

டிரம்மில் காற்றைக் கட்டுப்படுத்தி இந்த உயிர்க்கரியைச் சுடத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். என் ஓட்டு சவுக்குக்குத்தான். சவுக்கு வெட்டும் பருவத்தில் மிலாறும் சிறு கட்டையும் எளிதாகக் கிடைக்கும். பண்ருட்டி முந்திரி ஓடு மலிவுதான், ஆனால் இந்த வேலைக்கு வேண்டாம். அந்த ஓட்டின் எண்ணெயே பீனால் வகை. அரைகுறையாக வெந்தால் எடுக்கப் போன சரக்கை நாமே ஊற்றியதாகிவிடும்.

500 டிகிரிக்கு மேல் வெந்த கரி நல்லது. கையில் தேய்த்துப் பாருங்கள். வெறும் தண்ணீரில் கறை போய்விட்டால் சரி. சோப்பு கேட்டால் உள்ளே தார் இருக்கிறது, மறுபடி சுடுங்கள். அப்புறம் ரவை அளவுக்கு இடித்துச் சலித்து, தூளை ஒதுக்கிவிடுங்கள்.

கழுவுதல்

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கரியைப் போட்டதும் தண்ணீர் தெளிவதற்குப் பதிலாக இன்னும் கறுக்கும். "கரி வேலை செய்யவில்லை" என்று தூக்கிப் போடத் தோன்றும். குற்றம் சாம்பலுடையது. சாம்பல் தண்ணீரைக் காரமாக்கும். காரத்தில் டானின் நிறம் அடர்ந்துவிடும்.

அதனால் கரியைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, வடித்து, மறுபடி தண்ணீர் ஊற்றுங்கள். கொதிக்கும்போது துளைகளில் இருக்கும் காற்று வெளியேறி, மிதந்த கரி பெரும்பாலும் அடியில் இறங்கும். கழுவிய கரியை நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரில் பி.எச். தாளை (அமில, கார அளவைக் காட்டும் தாள்) நனையுங்கள், 7, 8-க்குள் வரும்வரை கழுவ வேண்டும். மலிவு மீட்டரைவிடத் தாளைத்தான் நம்புவேன். அவசரத்துக்கு வினிகர் ஊற்றாதீர்கள். அதுவும் கரிமப் பொருள், சி.ஓ.டி.யைக் கூட்டும்.

அளவு

கழிவுநீரை முதலில் வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். நான்கு பாட்டிலில் ஒவ்வொரு லிட்டர் ஊற்றி 5, 10, 20, 40 கிராம் கரி போடுங்கள். அவ்வப்போது குலுக்கி, ஒரு இரவு விடுங்கள்.

காலையில் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) வாங்கி ஒரு சிட்டிகை கரைத்து, ஒவ்வொரு பாட்டிலின் தெளிவிலும் சில சொட்டு விடுங்கள். டானின் மிச்சமிருந்தால் சற்று நேரத்தில் மை போலக் கறுக்கும். கறுக்காத பாட்டில்களில் எதில் கரி குறைவோ அதுவே உங்கள் அளவு. வெளியே விடுவதாக இருந்தால் ஆய்வகத்தில் சி.ஓ.டி., பீனால் பார்க்காமல் விடாதீர்கள்.

ஓட்டம்

நாலு அங்குல பி.வி.சி. குழாய், அடியில் கூழாங்கல், மேலே மணல், அதன்மேல் கரி, உச்சியில் கொசுவலை. தண்ணீரைக் கீழிருந்து மேலாக மெதுவாக ஏற்றுங்கள், அடைப்பு குறையும். வெளிவரும் தண்ணீர் அன்னபேதியில் கறுக்க ஆரம்பித்தால் கரியை மாற்ற வேண்டும். பழைய கரியை அலசிக் காயவைத்து எருக்குழியில் போடலாம்.

பின்சேர்க்கை

வில்லியனூரிலிருந்து ஒருவர் கேட்டார்: "நிறம் போச்சு, ஈ.சி. மட்டும் இறங்கவே இல்லையே?" இறங்காது. ஈ.சி. என்பது மின்கடத்துதிறன், தண்ணீரின் உப்பைக் காட்டும் அளவு. நார்க்கழிவிலிருந்து வரும் பொட்டாசியம், சோடியம் உப்புகளைக் கரி பிடிக்காது. தெளிந்த தண்ணீரை நல்ல தண்ணீரோடு கலந்து, ஈ.சி. பார்த்து, உப்பு தாங்கும் தென்னைக்கு விடுங்கள். நாற்றங்காலுக்கு வேண்டாம்.