மல டிஎன்ஏ பரிசோதனை: மாதிரி எடுப்பது முதல் முடிவு வரை

பெருங்குடலின் உட்சுவரிலிருந்து செல்கள் நாள்தோறும் உதிர்ந்து மலத்தோடு வெளியேறுகின்றன. அங்கே புற்றுநோயோ, பின்னாளில் புற்றாக மாறக்கூடிய பாலிப்போ (உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி) இருந்தால் அதன் செல்களும் உதிரும். அவற்றின் டிஎன்ஏவில் கேராஸ் போன்ற மரபணுக்களில் நேர்ந்த மாற்றங்களையும், கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவையும் ஒருங்கே தேடுவதே இந்தப் பரிசோதனை.

முதலில், இது உங்களுக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அறிகுறி ஏதுமற்ற, சராசரி அபாயமுள்ள, 45 வயதைக் கடந்தவர்களுக்கானது இது. மலத்தில் இரத்தம் போகிறவர்கள், முன்பு பாலிப் அகற்றப்பட்டவர்கள், குடல் அழற்சி நோய் உள்ளவர்கள், நெருங்கிய உறவினருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்தவர்கள் நேரடியாகக் கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை) குறித்தே பேச வேண்டும்.

அடுத்தது மாதிரி எடுத்தல். பத்தியமோ, குடலைச் சுத்தம் செய்யும் பேதி மருந்தோ தேவையில்லை. வயிற்றுப்போக்கு, மூலத்தில் இரத்தக் கசிவு, மாதவிடாய் ஆகியவை இருக்கும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். சிறுநீரை முன்னதாகவே கழித்துவிட்டு, கழிப்பறை இருக்கையில் பொருத்திய கொள்கலத்தில் மலம் கழியுங்கள். பிறகு குச்சியால் மலத்தின் மேற்பரப்பைச் சுரண்டி, அதைச் சிறு குழாயில் இட்டு மூட வேண்டும்; இரத்தத்தைக் கண்டறிவதற்கான மாதிரி அதுதான். அதன் பின்னரே பாதுகாப்புத் திரவத்தைக் கொள்கலத்தில் ஊற்ற வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. பெயர், பிறந்த தேதி, மாதிரி எடுத்த நேரம் ஆகியவற்றை எழுதி, கையேடு குறிப்பிடும் காலத்துக்குள், பொதுவாக 72 மணி நேரத்துக்குள், ஆய்வகம் சேருமாறு அனுப்புங்கள்.

முடிவைப் புரிந்துகொள்வதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஏறத்தாழ 10,000 பேரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், இச்சோதனை புற்றுநோய்களில் 92 சதவீதத்தைக் கண்டறிந்தது. இரத்தக் கசிவை மட்டும் தேடும் ஃபிட் சோதனை கண்டறிந்ததோ 74 சதவீதம். ஆனால் புற்றாகும் வாய்ப்பு மிகுந்த பாலிப்களில் பாதிக்கும் மேற்பட்டவை இதற்கும் தப்பின. அத்தகைய பாலிப்போ புற்றோ இல்லாதவர்களிலும் 100 பேரில் சுமார் 13 பேருக்குப் பாசிட்டிவ் என்றே வந்தது. ஆகவே பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் உறுதி என்று பொருளல்ல. எனினும் கொலோனோஸ்கோபி கட்டாயம். அச்சத்தால் அதைத் தள்ளிப்போடுவதும், இதே சோதனையைத் திரும்பச் செய்து ஆறுதல் தேடுவதும் ஆபத்தானவை என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் பாலிப்பைக் கண்ணால் கண்டு அகற்ற கொலோனோஸ்கோபியால்தான் முடியும்.

நெகட்டிவ் என்று வந்தால் 3 ஆண்டுகளில் மீண்டும் செய்துகொள்ளலாம். இடையில் மலத்தில் இரத்தமோ, காரணமற்ற எடைக் குறைவோ, நீடிக்கும் மலச்சிக்கலோ தென்பட்டால் அந்தக் கெடுவுக்குக் காத்திராமல் மருத்துவரை உடனே பாருங்கள்.